மூன்றாவது ஆள்

மாவட்டச் செய்திப் பக்கத்தில் எட்டு வரிக்கு மேல் போகாத ஒரு வகைக் கொலைச் செய்தி உண்டு. முறைத்துப் பார்த்தான் என்று ஒருவன், வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னான் என்று ஒருவன், குடித்துக்கொண்டிருந்த கிளாஸைத் தட்டிவிட்டான் என்று ஒருவன். 'வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது' என்ற வாக்கியம் மாறாமல் வரும். ஊர்ப் பெயரும் வயதும் மட்டும் மாறும். படிப்பவர் 'இதுக்கெல்லாமா கொலை பண்ணுவாங்க' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். அதை நான் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஏனென்றால் இதற்கெல்லாம்தான் கொலை செய்கிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றில் 9,962 'தகராறு' என்ற தலைப்பில் வருகின்றன. சொத்துத் தகராறு, குடும்பத் தகராறு, பணத் தகராறு, தண்ணீர்த் தகராறு, சாலையில் வண்டி ஓட்டும்போது வரும் தகராறு ஆகியவற்றோடு, சில்லறைச் சண்டைக்கென்றே தனியாக ஓர் உள்தலைப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழிவாங்கல், பகை என்று பதிவானவை 3,761. பணத்துக்கும் நகைக்கும் ஆசைப்பட்டுச் செய்தவை 1,884. சினிமா நமக்குக் காட்டிப் பழக்கிய கொலைகாரன், திட்டம் போட்டு லாபத்துக்காகக் கொல்பவன், இந்தக் கணக்கில் சிறுபான்மை. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு பதிவான கொலை வழக்குகள் 1,690. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 2. உலகச் சராசரி 2021இல் 5.8. நாம் உலகத்திலேயே முரடர்கள் இல்லை. ஆனால் நம் கொலைகளில் ஒரு பெரிய பங்கு, யாரோ ஒருவர் நடுவில் வந்திருந்தால் நடந்திருக்காதவை.

இது இந்திய விஷயம் மட்டுமல்ல. பிலடெல்பியா நகரில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளின் போலீஸ் கோப்புகளை மார்வின் வுல்ஃப்காங் என்ற குற்றவியலாளர் ஒவ்வொன்றாகப் படித்து 1958இல் ஒரு நூல் எழுதினார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு வசவிலோ ஓர் இடியிலோ தொடங்கிய சச்சரவுகள். நான்கில் ஒன்றில், முதலில் கை ஓங்கியவர் செத்துப்போனவரே. கொன்றவர் யார், செத்தவர் யார் என்பது பல நேரம் கடைசிச் சில நொடிகளில்தான் முடிவாகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. அந்த நொடிகளுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்குத் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு முன்னால், செங்கம் சாலை ஓரத்தில் ஒரு மாலை நின்றால் போதும். கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் பேருந்துகள், லாரிகள், ஆட்டோக்கள், வாடகை ஸ்கூட்டரில் வெளிநாட்டுக்காரர்கள், வார இறுதியில் பெங்களூரு கார்கள், சாலையோரத்தில் சாதுக்கள், இளநீர் வண்டி, ருத்ராட்சக் கடை எல்லாம் ஒரே சாலையில். ஓர் ஆட்டோ திரும்பும்போது ஒரு பைக்கின் கண்ணாடியில் உரசுகிறது. பைக்கில் இரண்டு பையன்கள்.

"தம்பி, பாத்து வரக்கூடாதா?"

"நீங்க பாத்துத் திருப்ப வேண்டியதுதான?"

"ஏய், உரசுறதையும் உரசிட்டு..."

"என்ன ஏய்? மரியாதையாப் பேசு."

"உனக்கென்னடா மரியாதை?"

"யாருகிட்டப் பேசுற தெரியுமா?"

இருபது நொடி. 'நீங்க' போய் 'நீ' வந்து 'டா' வந்துவிட்டது. கண்ணாடியை யாரும் பார்க்கவில்லை. அது உடையவும் இல்லை. கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வி கண்ணாடியைப் பற்றியது அல்ல, 'நான் யார்' என்பதைப் பற்றியது. இதற்குள் இளநீர்க்காரர் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார், ஸ்டாண்டிலிருந்து இரண்டு ஓட்டுநர்கள் இறங்கி வருகிறார்கள், பேருந்துக்கு நிற்பவர்கள் திரும்புகிறார்கள். இருவருக்கும் இப்போது பார்வையாளர்கள் இருக்கிறார்கள்.

டேவிட் லக்கன்பில் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் கலிஃபோர்னியாவின் ஒரு மாவட்டத்தில் பத்தாண்டுகளில் நடந்த 70 கொலைச் சம்பவங்களை இப்படி நொடி நொடியாகப் பிரித்து 1977இல் எழுதினார். ஒருவர் ஏதோ சொல்கிறார் அல்லது செய்கிறார், மற்றவர் அதைத் தனக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார், ஒதுங்கிப் போகாமல் பதில் கொடுக்கிறார், முதலாமவரும் விடுவதில்லை. அந்த இடத்தில், இதை அடித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் சொல்லாமலே உடன்பட்டுவிடுகிறார்கள் என்றார் லக்கன்பில். அவருடைய கட்டுரையில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்த உடன்பாடுதான். கொலை என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது என்று நினைக்கிறோம். பாதி வழி வரை அது இருவரும் சேர்ந்து செய்வது. சேர்ந்து என்றால் இருவர் மட்டுமல்ல. அவர் பார்த்த சம்பவங்களில் பத்தில் ஏழில் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் உசுப்பிவிட்டார்கள், சிலர் பேசாமல் நின்றார்கள். பேசாமல் நின்றதைச் சண்டைக்காரர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

செங்கம் சாலைப் பைக்குக்கு வருவோம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. "விடு மச்சான், லேட்டாவுது" என்பது ஒன்று. "என்ன மச்சான், இவ்ளோ பேசுறான், பாத்துட்டு நிக்கிற?" என்பது இன்னொன்று. முதல் வாக்கியம் வந்தால், ஓட்டுகிறவன் கௌரவம் குறையாமல் வண்டியைக் கிளப்பலாம். 'இவனுக்காக விட்டேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது வந்தால் அவனுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. என் கணிப்பில், அடுத்த நாள் பேப்பரில் எட்டு வரி வருமா வராதா என்பதை முடிவுசெய்வது ஆட்டோக்காரரோ பைக்காரனோ அல்ல, இந்த மூன்றாவது ஆள்.

அவமானம் என்பது உடம்புக்குள் நடக்கும் விஷயமும்தான். 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நிஸ்பெட், டோவ் கோஹன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் ஒருவர் குறுகலான நடைவழியில் போகிறார். எதிரே இருப்பவர் வேண்டுமென்றே தோளால் இடித்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் போகிறார். பிறகு அந்த மாணவரின் உமிழ்நீரை எடுத்துப் பார்த்தார்கள். மானத்தைப் பெரிதாக மதிக்கும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் வளர்ந்தவர்களிடம் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் தாவி ஏறியிருந்தது. வட மாநில மாணவர்களிடம் அவ்வளவு இல்லை. அடுத்து, அதே நடைவழியில் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு தடியர் எதிரே விலகாமல் நடந்து வந்தார். அவமதிக்கப்படாத தெற்கத்தி மாணவர் சுமார் 9 அடி தூரத்திலேயே ஒதுங்கி வழிவிட்டார். அவமதிக்கப்பட்டவர் 3 அடி வரை வந்த பிறகுதான் ஒதுங்கினார். இடித்தவன் யாரோ, தடியர் யாரோ. ஆனால் உடம்பு கணக்கைத் தீர்க்க ஆள் தேடுகிறது. காலையில் வேலையிடத்தில் வாங்கிய திட்டுக்கு மாலையில் செங்கம் சாலையில் பதில் சொல்லப்படுவது இப்படித்தான். இதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: இடிபட்டதை வேறொருவர் பார்த்துவிட்டார் என்றால், தன்னை அவர் ஆண்மையில் குறைத்து எடைபோடுவார் என்று அந்தத் தெற்கத்தி மாணவர்கள் நம்பினார்கள். இங்கேயும் மூன்றாவது ஆள்.

அப்படியானால் எல்லாச் சண்டையும் ஏன் இப்படிப் போவதில்லை? போலீஸ்காரர் 'டா' போட்டால் பேசாமல் நிற்கிற அதே பையன், ஆட்டோக்காரர் போட்டால் ஏன் கொதிக்கிறான்? ரோஜர் கூல்ட் என்ற சமூகவியலாளர் இதற்கு ஒரு விடை சொன்னார். அவர் 2002இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. யார் மேல், யார் கீழ் என்பது தெளிவாக இருக்கும் இடத்தில் சில்லறைச் சண்டை குறைவு. தெளிவில்லாத இடத்தில்தான், அதாவது அண்டை வீட்டார், கூட்டாளிகள், பங்காளிகள், முன்பின் தெரியாதவர்கள் இடையில்தான், சின்ன விஷயம் பெரிய அளவீடு ஆகிவிடுகிறது. யார் விட்டுக்கொடுக்கிறாரோ அவர் கீழ் என்று அந்த நிமிடத்தில் எழுதப்பட்டுவிடும் என்ற அச்சம்.

இதைத் தமிழ்நாட்டில் வைத்துப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் 2018 மே மாதம் தலித் மக்கள் மீது நடந்த தாக்குதலில் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோயில் மரியாதை பற்றிய மனத்தாங்கலும், ஆதிக்க சாதியினர் முன்னால் இளைஞர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததும் அப்போது காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கால்மேல் கால் போடுவது அற்ப விஷயமா? கொன்றவர்களுக்கு அது ஓர் ஒழுங்கே சரிவதன் அடையாளம். உட்கார்ந்திருந்த பையனுக்கு, தானும் மனிதன் என்பதன் அடையாளம். இதை 'அற்பக் காரணத்துக்காகக் கொலை' என்று எழுதுகிற பத்திரிகை, தெரியாமலே கொன்றவர்களின் சாதியை மறைத்துக்கொடுக்கிறது. நகரத் தெருவில் சாதி பெயர் சொல்லி வருவதில்லை. "யாருகிட்டப் பேசுற தெரியுமா" என்ற கேள்விக்குள் ஒளிந்து வருகிறது.

ரமணாசிரமத்திலேயே இந்த விஷயத்துக்கு ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. பக்தி நூல்கள் அதைப் பொறுமையின் கதையாகச் சொல்கின்றன. நான் அதை ஒரு சம்பவ அறிக்கையாகப் படிக்கிறேன்.

1924 ஜூன் 26, இரவு சுமார் பதினொன்றரை மணி. ஆசிரமத்தின் குருவான ரமணர் அருணாசல மலையிலிருந்து இறங்கி, தம் தாயாரின் சமாதி அருகே தங்க ஆரம்பித்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆசிரமம் என்றால் அப்போது சில கூரைக் கொட்டகைகள்தான். திருடர்கள் வந்து ஜன்னலை உடைத்தார்கள். உள்ளே இருப்பவர்களை மிரட்ட வெடி வெடித்தார்கள். கூரைக்குத் தீ வைப்போம் என்றார்கள். அதற்கு அவசியமில்லை, நாங்கள் வெளியே போய்விடுகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே ரமணரின் பதிலாக இருந்தது. அப்படியும் வாசலில் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவரையும் தடியால் அடித்தார்கள். ரமணருக்கு இடது தொடையில் அடி விழுந்தது. போதவில்லை என்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்று அவர் சொன்னதாகப் பதிவு.

இங்கேதான் கவனிக்க வேண்டியது தொடங்குகிறது. ராமகிருஷ்ண சுவாமி என்ற இளம் சீடர், குரு அடிபட்டதைப் பார்த்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு கை பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டார். லக்கன்பில்லின் வரிசைப்படி எல்லாம் கூடிவிட்டன: அவமதிப்பு, கோபம், கையில் ஆயுதம், சுற்றிலும் ஆட்கள். அந்த இரவில் ஒருவர் சாக வேண்டியிருந்தால் அது திருடர்களின் பேராசையால் அல்ல, சீடரின் நியாயமான கோபத்தால்தான் நடந்திருக்கும். ரமணர் தடுத்தார். அவர்கள் வழி அவர்களுக்கு, சாதுக்களான நம் வழி நமக்கு. நீ அடித்து அங்கே ஓர் உயிர் போனால் உலகம் நம்மைத்தான் குறை சொல்லும் என்பது அவர் சொன்னதன் சாரம். நாக்கைக் கடித்துவிட்டது என்பதற்காக யாராவது பல்லைத் தட்டிவிடுவார்களா என்றும் கேட்டாராம்.

சீடர் ஏன் அடங்கினார்? பயந்தா? கம்பியோடு நின்றவர் பயந்தவர் அல்லர். அவர் மானத்தை அளக்கக்கூடிய கண்கள் அங்கே திருடர்களுடையவை அல்ல, குருவுடையவை. அந்தக் கண்கள் முன்னால் அடிக்காமல் இருப்பதில் இழுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அதோடு, அவர் அனுமதி கேட்டார். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார், கேட்பதற்குச் சில நொடி பிடித்தது. கொலையாகிற சண்டைகளில் இல்லாமல் போவது இந்த இரண்டும்தான்.

பிறகு நடந்ததும் முக்கியம். திருடர்கள் வெளிச்சத்துக்கு விளக்குக் கேட்டார்கள். அரிக்கேன் விளக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது மொத்தம் பத்து ரூபாய் பெறுமானம்கூட இருக்காது. குஞ்சு சுவாமி என்ற சீடர் இருட்டில் ஊருக்குள் ஓடி உதவிக்கு ஆள் கூட்டிவந்தார். வந்த போலீஸ்காரர்களிடம் ரமணர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அடிபட்ட விஷயத்தை ஓர் அன்பர் போய்ச் சொல்லிவிட்டார். சில நாட்களில் ஆட்கள் பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனையும் ஆனது. இரும்புக் கம்பி செய்ய நினைத்த வேலையைச் சட்டம் செய்தது. டொனால்ட் பிளாக் என்ற சமூகவியலாளர் 1983இல் சொன்ன கருத்து இதுதான்: பல குற்றங்கள், செய்பவர் மனத்தில் குற்றமே அல்ல, தனக்குத் தானே வழங்கிக்கொள்ளும் நீதி. சட்டம் எட்டாத இடத்தில், அல்லது எட்டாது என்று மக்கள் முடிவு செய்துவிட்ட இடத்தில், கை நீள்கிறது.

எட்டினாலும் எத்தனை நாளில்? பாட்டியாலாவில் 1988 டிசம்பர் 27 அன்று சாலையில் வண்டி நின்றதைப் பற்றிய ஒரு வாக்குவாதத்தில் 65 வயது முதியவர் அடிபட்டு இறந்தார். கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து மீதான அந்த வழக்கு கீழ்நீதிமன்றம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று ஏறியது. 2018இல் ஆயிரம் ரூபாய் அபராதம், 2022 மே மாதம் மறுசீராய்வில் ஓராண்டுச் சிறை என்று முடிய 33 ஆண்டுகள் ஆயின. திடீர்ச் சண்டை, திட்டமிடாத அடி, கொல்லும் எண்ணம் இல்லாத மரணம் இவற்றுக்கு நம் தண்டனைச் சட்டத்தில் விதிவிலக்குகள் உண்டு. அவை தேவைதான். ஆனால் சாலையில் நிற்கிற இருவருக்கும் அந்த நிமிடத்தில் நீதிமன்றம் இருக்கிறது என்ற நினைப்பே வருவதில்லை.

எல்லோருக்கும் ரமணர் பக்கத்தில் இருக்க மாட்டார். சாதாரண ஆள் போதும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களில் தெருக் கேமராக்களில் பதிவான 219 பொது இடச் சண்டைகளை ரிச்சர்ட் ஃபில்பாட், மார்க் லெவின் குழுவினர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே வந்தார். கூட்டம் கூடக்கூட, யாராவது உதவிக்கு வரும் வாய்ப்பும் கூடியது. நகரத்துக்காரர்கள் கல்நெஞ்சர்கள், பார்த்துக்கொண்டே நிற்பார்கள் என்று எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! கேமரா அப்படிச் சொல்லவில்லை. நெரிசல் வெறியை வளர்க்கும் என்பதையும் நான் நம்புவதில்லை. பௌர்ணமி இரவில் இதே செங்கம் சாலை வழியாக லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். தோள் இடிக்கிறது, கால் மிதிபடுகிறது, யாரும் "யாருகிட்ட" என்று கேட்பதைக் காண்பது அரிது. எல்லோரும் வெறுங்காலோடு ஒரே திசையில் போகிறார்கள். இடித்தவரும் நம்மவர் என்ற எண்ணம் இடியின் பொருளையே மாற்றிவிடுகிறது.

குடியைப் பற்றி ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். பிரேசிலின் டியாடெமா நகரில் 2002 முதல் மதுக்கடைகளை இரவு 11 மணிக்கு மூடவைத்தபோது மாதத்துக்கு ஏறக்குறைய 9 கொலைகள் குறைந்தன. யாரையும் திருத்தவில்லை, கடை நேரத்தை மட்டும் மாற்றினார்கள். போதையில் முதலில் போவது, அந்த "விடு மச்சான்" காதில் விழும் திறன்.

ஆனால் மூன்றாவது ஆள் எப்போதும் நல்லவர் என்று சொல்ல முடியாது. மார்க் கூனி 1998இல் எழுதிய நூலில், ஒரு பக்கத்தை மட்டும் சேர்ந்த நெருக்கமான கூட்டம் சுற்றி நின்றால் சண்டை வளரும், இரு பக்கமும் உறவுள்ளவர்கள் நின்றால் அடங்கும் என்று காட்டினார். செங்கம் சாலை டீக்கடைக்காரருக்கு ஆட்டோக்காரரையும் தெரியும், பைக்காரனின் அப்பாவையும் தெரியும் என்றால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது. திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆசிரமத்தைச் சுற்றி லாட்ஜுகளும் அடுக்கு வீடுகளும் எழுந்துகொண்டிருக்கின்றன. இரு பக்கமும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகும் ஊர் இது. அந்தக் குறையை எதைக் கொண்டு நிரப்பப்போகிறோம் என்று மாநகராட்சியும் காவல்துறையும் பள்ளிகளும் இப்போதே யோசிக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

கற்றுக்கொடுக்க முடியும். சிகாகோவில் ஏழைப் பகுதிப் பள்ளிப் பையன்களுக்கு நடத்தப்படும் ஒரு வகுப்பில் முதல் பாடம் இது: ஒருவன் கையில் பந்து, மற்றவன் முப்பது நொடிக்குள் அதை வாங்க வேண்டும். முறுக்குகிறார்கள், கீழே உருள்கிறார்கள். பிறகு ஆசிரியர், 'பந்தைக் கொடு என்று கேட்டிருக்கலாமே' என்கிறார். கேட்டால் என்னைப் பேடி என்று நினைத்திருப்பான் என்கிறான் ஒருவன். மற்றவனிடம் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், இது வெறும் பந்துதானே என்கிறான். குலுக்கல் முறையில் பையன்களைத் தேர்ந்து செய்த ஆய்வில், வகுப்பு நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தன.

நம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டுகளில் மூத்த ஓட்டுநர்கள் சிலர் வகுப்பு இல்லாமலே ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். சண்டை நடுவில் யார் மேல் தப்பு என்று அவர்கள் பேசுவதே இல்லை. ஒருவர் வந்து தம் ஆளின் தோளில் கை போட்டு, முகத்தை எதிராளியிடமிருந்து திருப்புகிறார். இன்னொருவர் வண்டிச் சாவியை உருவிக்கொள்கிறார். "அண்ணே, சவாரி நிக்குது பாருங்க" என்று மூன்றாமவர் குரல் கொடுக்கிறார். பையனிடம், "தம்பி, நீ கெளம்புப்பா, கண்ணாடிக்கு ஏதாச்சும் ஆயிருந்தா காலைல ஸ்டாண்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பையன் காலையில் வந்தால், டீ வாங்கிக்கொடுத்து, கண்ணாடி என்ன விலை என்று கேட்டு, ஆளுக்குப் பாதி என்று முடித்துவைக்கிறார்கள்.